சிறகுக்குள் ஒரு ஆன்டெனா

கேள்வி: டெக்சாஸில் நண்பரோடு சேர்ந்து, வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சிறு விமானமான லாங்-ஈஸியைக் கட்டுகிறேன். வி.ஓ.ஆர். (தரை நிலையம் அனுப்பும் ரேடியோ அலையை வைத்து விமானத்துக்குத் திசை காட்டும் முறை) ஆன்டெனாவைக் கடையில் வாங்க வேண்டாம், காப்பர் டேப்பில் நாமே செய்து சிறகுக்குள் புதைத்துவிடலாம் என்கிறார் அவர். நம்பி இறங்கலாமா?

பதில்: தாராளமாக இறங்கலாம். பர்ட் ரூட்டான் வடிவமைத்த அந்த விமானம் நுரையும் ஃபைபர் கிளாஸும்தான், ரேடியோ அலை இரண்டையும் தாண்டி உள்ளே வந்துவிடும். கார்பன் ஃபைபர் சேர்த்த இடம் ஏதாவது இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அது அலையை மறைத்துவிடும். வி.ஓ.ஆர். அலை கிடைவாட்டில் வருவதால் ஆன்டெனாவும் படுத்த நிலையில்தான் இருக்க வேண்டும்.

வி.ஓ.ஆர். 108 முதல் 117.95 மெகாஹெர்ட்ஸ் வரை. ஆன்டெனாவுக்கு இரண்டு டேப் கைகள், ஒவ்வொன்றும் கால் அலைநீளம். நடுவில் 113-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் அது 66 செ.மீ. வருகிறது, நடைமுறையில் அதைவிடக் குறையும், டேப் அகலம் என்றால் இன்னும் குறையும். ஒவ்வொரு கையையும் 63 செ.மீ.க்கு வெட்டி ஒட்டுங்கள், அப்புறம் ஆன்டெனா எந்த அலைவரிசைக்கு இசைகிறது என்று காட்டும் அனலைசரை மாட்டிப் பார்த்துப் பார்த்து இரண்டு பக்கமும் சமமாக நறுக்குங்கள். பக்கத்துக்கு ஒரு செ.மீ. எடுத்தால் அந்த அலைவரிசை கிட்டத்தட்ட 2 மெகாஹெர்ட்ஸ் ஏறும். மேலே ஃபைபர் கிளாஸ் போட்டதும் அது கொஞ்சம் இறங்கும், அதனால் 113-க்குச் சற்று மேலேயே நிறுத்திவிடுங்கள். இரண்டு கைகளையும் நேர்கோட்டில் வைத்தால் நுனிப் பக்கத்திலிருந்து வரும் சிக்னல் மங்கிப்போகும், இடம் இருந்தால் லேசாக 'வி' வடிவில் வளைத்து வையுங்கள்.

நீளத்தைப் பற்றி எல்லோரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள், ரேடியோவுக்குப் போகும் கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு அதுதான் வருத்தம். நேராகச் சேர்த்தால் கோஆக்ஸ் கேபிளின் வெளிக்கம்பியும் ஆன்டெனாவாக மாறி விமானத்துக்குள் இருக்கும் இரைச்சலையெல்லாம் இழுத்து வரும். சேரும் இடத்தை ஒட்டியே கேபிளில் மூன்று ஃபெரைட் வளையங்களை (அந்த இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையங்கள்) கோத்துவிடுங்கள், கேபிளை டேப்புக்குச் செங்குத்தாக வெளியே கொண்டுபோங்கள். சால்டர் வைப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. டேப்பை நுரையில் ஒட்டிய பிறகு சூட்டுக்கோலை வைத்தால் அடியில் நுரை உருகிக் குழி விழும். கேபிள் நுனியில் முன்கூட்டியே ஈயம் பூசிக்கொண்டு, அடியில் காய்ந்த ஃபைபர் கிளாஸ் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு மூன்று நொடியில் முடித்துவிட வேண்டும். எபாக்ஸி ஊற்றும் முன் கேபிளை மெதுவாக ஆட்டிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். முள் துள்ளினால் மறுபடி சால்டர் வையுங்கள், மூடிய பிறகு சிறகை வெட்டித்தான் திறக்க முடியும்.

கருவியை நம்பிப் பறக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முந்தைய 30 நாளுக்குள் வி.ஓ.ஆர். சோதனை முடித்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதி. தரையில் 4 பாகை, வானில் 6 பாகை வரை பிழை இருக்கலாம்.

கேள்வி: இதையே நண்பரின் செஸ்னா 172-க்கும் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அதன் உடம்பு அலுமினியம், உள்ளே வைத்தால் ஒன்றும் கேட்காது. அதோடு அது சான்றிதழ் பெற்ற விமானம், உரிமம் உள்ள மெக்கானிக் கையெழுத்தில்லாமல் இப்படிப்பட்ட மாற்றம் செய்யக் கூடாது. அங்கீகாரம் பெற்ற ஆன்டெனாவை வாங்கி வாலில் மாட்டச் சொல்லுங்கள்.