வாசகர் கேள்வி, போதகர் பதில்: இருதயத்தை நாம் எப்படிப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் சபையில் வாலிபர் குழுவுக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கப்போகிறோம். ஒருவர் அருமையாகப் பேசுவார், கண்ணீரோடு ஜெபிப்பார், ஆளும் எடுப்பாக இருப்பார். இன்னொருவர் அதிகம் பேசமாட்டார். நாற்காலி எடுத்துப் போடுவது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது என்று இருப்பவர். எல்லாரும் முதலாமவர் பக்கம், நான் மட்டும் இரண்டாமவர் பக்கம். ‘கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்’ என்றேன். ‘அவர் பார்ப்பார், நாம் எப்படிப் பார்ப்பது?’ என்று மடக்கிவிட்டார்கள்.

பதில்: மடக்கியது நல்லதுதான். அந்த வசனம் (1 சாமுவேல் 16:7) யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள்: சாமுவேல் தீர்க்கதரிசியிடம். எல்லாரையும்விடத் தோளுக்கு மேலே உயர்ந்து நின்ற சவுல், ராஜாவான பிறகு எப்படிச் சறுக்கினான் என்பதைக் கூடவே இருந்து பார்த்தவர் அவர். அப்படியிருந்தும் அடுத்த ராஜாவைத் தேடிப் போன ஈசாயின் வீட்டில் மூத்த மகன் எலியாபைக் கண்டதுமே, ‘கர்த்தரால் அபிஷேகம்பண்ணப்படுபவன் இவன்தானாக்கும்’ என்கிறார். அவர் கண்ணே ஏமாறும்போது உங்கள் குழுவைக் குறை சொல்லி என்ன பயன்?

இன்னும் ஐந்து வசனம் தள்ளிப் போனால் கர்த்தர் தெரிந்துகொண்ட கடைசி மகன் தாவீது வருகிறான். சிவந்த மேனி, அழகிய கண்கள், நல்ல ரூபம். ஆக, அழகாக இருப்பது தகுதியும் இல்லை, குற்றமும் இல்லை. நன்றாகப் பேசுகிறார் என்பதற்காகவே முதலாமவரைச் சந்தேகப்படாதீர்கள். பேசாதவர்களெல்லாம் சாந்தகுணமுள்ளவர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். (மனதுக்குள் வருஷக்கணக்கில் கறுவிக்கொண்டிருந்த அமைதியான ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.)

சரி, எப்படித்தான் பார்ப்பது? 1 தீமோத்தேயு 3-ஐ எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கண்காணிக்கு, அதாவது சபையை மேற்பார்க்கிறவருக்கு, வேண்டியவை என்று பவுல் எழுதியதில், கூட்டத்துக்கு முன் நின்று செய்வது போதிப்பது ஒன்றுதான். மற்றதெல்லாம் மேடைக்குக் கீழே தெரிகிறவை. குடிப்பழக்கம் உண்டா, கைநீட்டுகிறவரா, பண ஆசை உண்டா, வீட்டை எப்படி நடத்துகிறார், சபைக்கு வெளியே இருப்பவர்கள் அவரைப்பற்றி என்ன சொல்கிறார்கள். சபைப் பணிகளில் துணைநிற்கும் உதவிக்காரரைப்பற்றிச் சொல்லும்போது ‘முன்னதாகச் சோதிக்கப்படவேண்டும்’ என்கிறார். அதனால் அவசரமே வேண்டாம். இருவருக்கும் ஆளுக்கொரு சின்னப் பொறுப்பைக் கொடுங்கள். கணக்கைக் கேட்காமலே கொண்டுவந்து காட்டுகிறாரா? தப்பை எடுத்துச் சொன்னால் முகம் எப்படி மாறுகிறது? பாராட்டு வேறொருவருக்குப் போனால் அடுத்த வாரமும் வருகிறாரா?

நான் போதகராக இருந்தபோது ஒரு பாடகர் இருந்தார். நல்ல குரல், உடுத்துவதிலும் ஒரு மிடுக்கு. ‘மேடைக்காகத்தான் வருகிறார்’ என்று காதுபட முணுமுணுப்பார்கள். ஒரு சமயம் பாடகர் குழுவில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. மனிதர் பின்வரிசையில், கண்பார்வை மங்கிய ஒரு பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் அடுத்த வரியை முன்கூட்டியே அவர் காதில் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு குழுவில் இடம் காலியாகிக் கூப்பிட்டபோது, ‘வருகிறேன், ஆனால் இவருக்கு யார் சொல்லிக்கொடுப்பது?’ என்றுதான் முதலில் கேட்டார். முணுமுணுத்தவர்களிலிருந்து ஒருவரைப் பிடித்து அந்த வேலையைக் கொடுத்தேன்!

உங்கள் சபையிலும் யார் கண்டது, எடுப்பான அந்த ஆளே தேறலாம்.

கேள்வி: நான் ஆபரணம் அணிவதில்லை, எளிய உடைதான் உடுத்துகிறேன். 1 பேதுரு 3 அப்படித்தானே சொல்கிறது? ஆராதனைக்கு அலங்காரத்தோடு வரும் பெண்களைப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது.

பதில்: எளிமை நல்லது, அப்படியே இருங்கள் அம்மா. ஆனால் பேதுரு அங்கே மயிரைப் பின்னுவதையும் பொன்னாபரணத்தையும் மட்டும் சொல்லவில்லை. வஸ்திரம் உடுத்துவதையும் அதே வரிசையில் வைக்கிறார். உடுத்தவே கூடாது என்பதா அர்த்தம்? உங்கள் மதிப்பை எதில் வைக்கிறீர்கள் என்பதுதான் அவர் கேள்வி. சாந்தமும் அமைதலுமுள்ள ஆவியில் வையுங்கள் என்கிறார். பக்கத்தில் இருப்பவரின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த அமைதல் எங்கிருந்து வரும்?

எளிமையும் வெளித்தோற்றம்தான். உபவாசிக்கிறோம் என்று காட்ட முகத்தை வாடவைத்தவர்கள் இருந்தார்கள். தலைக்கு எண்ணெய் பூசி முகம் கழுவு என்றார் இயேசு (மத்தேயு 6:17). மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் கொடுப்பதை யாக்கோபு கண்டிக்கிறார். மோதிரத்தைக் கண்டதும் மனதுக்குள் அந்த ஆளைக் கடைசி வரிசைக்குத் தள்ளினாலும் அது பட்சபாதம்தானே?

கேள்வி: ஜெபக்கூட்டத்தில் மற்றவர்கள் சரளமாக ஜெபிக்கிறார்கள். எனக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வருவதில்லை. வெட்கமாக இருக்கிறது.

பதில்: இயேசு சொன்ன உவமையில் ஆயக்காரனுக்கு, அதாவது எல்லாரும் வெறுத்த வரி வசூலிப்பவனுக்கு, ஒரே வாக்கியம்தான் வந்தது: ‘தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.’ பக்திமான் என்று பேரெடுத்த பரிசேயன் அதைவிட நீளமாக ஜெபித்தான். நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனது ஆயக்காரன்தான் (லூக்கா 18). உங்களிடம் ஒரு வாக்கியம் அதிகமாகவே இருக்கிறது. அடுத்த முறை அந்த இரண்டையும் சொல்லி, ஆமென் போட்டுவிட்டு உட்காருங்கள். நேரமாகிறதே என்று தவித்துக்கொண்டிருப்பவர்கள் நன்றியும் சொல்வார்கள்.