பெட்டியில் 100, உள்ளே எவ்வளவு?

கேள்வி: டிம்மரில் குறைத்த விளக்கை அளந்தால், என் மல்டிமீட்டர் நண்பருடையதைவிடக் குறைவாகக் காட்டுகிறது. மற்றபடி இரண்டும் ஒத்துப்போகின்றன. பழுதா?

பதில்: பழுதில்லை. சாதா மீட்டர் சராசரியை எடுத்து, வருவது வழவழப்பாக ஏறி இறங்கும் சைன் அலைதான் என்று நம்பி 1.11-ஆல் பெருக்கிக் காட்டும். டிம்மர் அலையை வெட்டிவிடுவதால் அந்தக் கணக்கு தப்புகிறது. நண்பரின் மீட்டரில் 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' (எந்த வடிவ அலைக்கும் உண்மையான அளவைக் கணக்கிடுவது) என்று எழுதியிருக்கும், பாருங்கள்.

கேள்வி: '100 மெகாஹெர்ட்ஸ்' என்று போட்ட கையடக்க ஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்) வாங்கினேன். 20 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை கொடுத்தால் வழவழவென்று சைன் அலையாக வருகிறது. 'அப்படித்தான் வரும்' என்கிறார் கடைக்காரர்.

பதில்: முதலில் ப்ரோப்பில், அதாவது ஸ்கோப்போடு இணைக்கும் அளவுக் கம்பியில், இருக்கும் சின்ன சுவிட்சைப் பாருங்கள். அது 1X-இல் (அலையை அப்படியே அனுப்புவது) இருந்தால் பல ப்ரோப்கள் 10 மெகாஹெர்ட்ஸ்கூடத் தாண்டாது, 10X-க்கு (பத்தில் ஒரு பங்காக்கி அனுப்புவது) தள்ளுங்கள். அப்புறமும் சைன்தான் என்றால் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். சதுர அலைக்கு மூலை கொடுப்பவை 3 மடங்கு, 5 மடங்கு அதிர்வெண்கள். உங்கள் ஸ்கோப் 60-ஐயே விழுங்கிவிடுகிறது, இதில் 100 எங்கே?

நானும் இப்படி ஒன்று வாங்கி ஏமாந்தவன்தான். பெட்டியில் பெரிதாக '200 எம்' என்று இருந்தது. வீட்டில் பிரித்து, கண்ணாடி போட்டுப் பார்த்தால் அது நொடிக்கு எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை. இரண்டாவது சேனலைப் போட்டதும் அதுவும் பாதியானது. உங்கள் பெட்டியில் 100 என்று போட்டிருக்கும் பேண்ட்விட்த் என்பது வேறு: அலையின் உயரம் 70 சதவீதமாகச் சரியும் அதிர்வெண். திரையில் 6 கட்டம் இருந்தது 4 கட்டத்துக்குச் சற்று மேலே வந்து நிற்கும். நல்ல ஸ்கோப்பிலும் அந்த எல்லையில் அளவு 30 சதவீதம் குறைவுதான். அதனால் சதுர அலை பார்ப்பவர்கள் அந்த அலையின் அதிர்வெண்ணைப்போல் 5 மடங்கு பேண்ட்விட்த் கேட்டு வாங்க வேண்டும். 10X-இல் எடுத்த திரைப் படத்தோடு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், விடாதீர்கள்.

கேள்வி: மேசை ஸ்கோப் ப்ரோப்பின் முதலைக் கிளிப்பை வீட்டு மின்கம்பியில் மாட்டினேன். 'டப்' என்று புகை. வாரண்டி கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அந்தக் கிளிப் பிளக்கின் எர்த்தோடு நேராக இணைந்தது; கையேட்டின் எச்சரிக்கைப் பக்கத்தைப் புரட்டியிருந்தாலே தெரிந்திருக்கும். எர்த் பின்னை உடைத்துவிடலாமா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். இதற்கென்றே, எர்த்தோடு இணையாமல் இரு முனைகளுக்கு இடையிலான வித்தியாசத்தை அளக்கும் டிஃபரென்ஷியல் ப்ரோப் என்று ஒன்று இருக்கிறது.

கேள்வி: புது ப்ரோப்பில் சதுர அலையின் மூலை கொம்பு முளைத்தமாதிரி நிற்கிறது. மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: ப்ரோப்பில் ஒரு சின்ன திருகு இருக்கும். மூலை நேராகும்வரை அதைத் திருப்புங்கள்.