ராமன் நிறமாலையில் ப்ராஜெக்ட் செய்யும் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?

தக்கலை அண்ணாச்சிக்கு வணக்கம். எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் மகள் ராமன் நிறமாலையில் ப்ராஜெக்ட் எடுத்து, நாள் முழுக்க லேப்டாப்பில் கோடுகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதை விடச் சொல்லி டேட்டா சயின்ஸ் கோர்ஸில் சேர்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அண்ணாச்சி. அவள் செய்வதே டேட்டா சயின்ஸ்தான்.

ஒரு பொருள்மீது லேசர் பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறு பங்கு ஒளி மட்டும் நிறம் மாறி வரும். சர் சி.வி. ராமன் 1928-இல் கண்டறிந்தது இதைத்தான். அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். அதைக் கோடாக வரைந்து காட்டுவதுதான் ராமன் நிறமாலை. நம்ம மணவாளக்குறிச்சி மணலையே எடுங்கள்: இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் கலந்து கிடக்கிறது. அதில் ஒரு சிர்கான் மணல்மணியை அளந்தால், 1008 செ.மீ⁻¹ (நிறம் மாறிய அளவைச் சொல்லும் அலகு) பக்கத்தில் கூரான உச்சி வரும். ரூட்டைலுக்கு 447, 612 பக்கத்தில்.

ஆனால் கருவி தரும் கோடு இவ்வளவு சுத்தமாக இருக்காது. காஸ்மிக் கதிர் பட்டால் ஊசிபோல் ஒரு போலி உச்சி எழும். லேசர் பட்டுப் பொருளே வெளியிடும் ஒளிர்வு கோட்டின் அடியில் பெரிய மேடாக நிற்கும். மோனசைட்டில் உள்ள அருமண் தனிமங்கள் தங்கள் பங்குக்கு ஒளிர்ந்து, ராமன் உச்சி மாதிரியே ஏமாற்றும். லேசரை 532 நானோமீட்டரிலிருந்து 785-க்கு மாற்றிப் பார்த்தால் உண்மையான ராமன் உச்சி அதே எண்ணில் நிற்கும், மற்றது நகர்ந்துவிடும். இதெல்லாம் தெரிந்துதான் அந்த மேட்டைக் கழித்து அடிக்கோட்டைத் திருத்த வேண்டும், கோட்டை மென்மையாக்கும் சவிட்ஸ்கி-கோலே முறையில் இரைச்சலைக் குறைக்க வேண்டும். மென்மையாக்குவது கொஞ்சம் கூடிப்போனால் அருகருகே உள்ள இரண்டு உச்சிகள் ஒன்றாகிவிடும். இந்த நிதானம் மூன்று மாத கோர்ஸில் வராது.

அப்புறம் வகைப்படுத்தல், அதாவது எந்த நிறமாலை எந்தக் கனிமம் என்று கணினியைக் கற்கவைத்துப் பிரிப்பது. அதற்கான பி.சி.ஏ., எஸ்.வி.எம்., ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணக்கு முறைகள் எல்லாம் சில வரி நிரலில் ஓடிவிடும். பிள்ளைகள் வழுக்குவது வேறு இடத்தில். ஒரே மணல்மணியைப் பத்து முறை அளந்து, சிலதைப் பயிற்சிக்கும் சிலதைச் சோதனைக்கும் போட்டால், 99 சதவீதம் சரி என்று வரும். புது மணியைக் காட்டினால் மாடல் திணறும். ஒரு மணியின் எல்லா அளவீடும் ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும். இதைப் புரிந்து பேசும் பிள்ளையை நேர்காணலில் யாரும் லேசில் விடமாட்டார்கள்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். பைத்தான் நிரல்மொழியில் இதற்கான சைக்கிட்-லேர்ன், பைபேஸ்லைன்ஸ், ராமன்ஸ்பை என்ற கருவித் தொகுப்புகள் எல்லாம் இலவசம். கோடிங் பயம் என்றால் ஆரஞ்சு மென்பொருளில் நிறமாலைக்கென்றே ஒரு இணைப்பு உண்டு. பழகிப் பார்க்க ரஃப் (RRUFF) தரவுத்தளத்தில் கனிமங்களின் ராமன் நிறமாலைகளை இறக்கிக்கொள்ளலாம்.

வேலையைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். ‘ராமன்’ என்று பெயர் போட்ட பதவிகள் குறைவு. மருந்துக் கம்பெனிகளில் மூலப்பொருள் பரிசோதனை, தடய அறிவியல், ரத்தினப் பரிசோதனை, பொருளறிவியல் ஆய்வகங்கள் என்று இந்தத் திறமை பல பெயர்களில் தேவைப்படுகிறது. ஆராய்ச்சிப் பக்கம் போவதென்றால் நெட், கேட் போன்ற தகுதித் தேர்வுகளை எழுத வேண்டியிருக்கும். தூரமாக அனுப்பத் தயக்கமிருந்தால், திருவனந்தபுரம் போகும் வழியில் பாப்பனங்கோட்டிலேயே சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் இருக்கிறது; ப்ராஜெக்ட் பணியிட அறிவிப்புகளை அவளே அவர்கள் இணையதளத்தில் பார்க்கட்டும்.

கோர்ஸுக்கு எடுத்து வைத்த பணத்தை நெட், கேட் கட்டணத்துக்கும் பயணச் செலவுக்கும் வையுங்கள். இந்த ப்ராஜெக்டின் நிரலை விளக்கக் குறிப்போடு கிட்ஹப் இணையதளத்தில் ஏற்றி, அந்த இணைப்பைப் பயோடேட்டாவின் முதல் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள்.