லுவாங்வா போகலாம், சூம்போ போகலாமா?

கேள்வி: சாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஒரு மாதம் தங்க வந்திருக்கிறார்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா. வார இறுதியில் லுவாங்வா ஊருக்கு அழைத்துப்போகிறேன். லுவாங்வா ஆற்றின் எதிர்க்கரையில் மொசாம்பிக் நாட்டின் சூம்போ என்ற ஊர். காலையில் படகில் போய் மாலையில் திரும்பிவிடலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்கிறார் வண்டி ஏற்பாடு செய்யும் தரகர். நம்பிப் போகலாமா?

பதில்: லுவாங்வாவுக்குத் தாராளமாகப் போங்கள். சூம்போவுக்கு வேண்டாம்.

உங்கள் பெற்றோரின் விசா டவுன் பஸ் டிக்கெட் மாதிரி. பாதி வழியில் இறங்கி டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் அதே டிக்கெட்டை நீட்ட முடியுமா? சாம்பியாவிலிருந்து வெளியேறும் முத்திரை விழுந்த நிமிடம் அது தீர்ந்தது. விசாவில் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்பது கணக்கில் வராது. திரும்பி நுழையப் புது விசா வேண்டும். போதாக்குறைக்கு, மொசாம்பிக்கில் கால் வைக்க இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா. உங்களிடம் வேலை அனுமதி இருப்பதால் நீங்கள் திரும்பிவிடுவீர்கள். அவர்கள் அக்கரையில் நிற்பார்கள்.

முத்திரையே குத்தாமல் போகலாம் என்பதுதான் தரகரின் யோசனை. இந்த ஆசாமிகளை எனக்கு நன்றாகத் தெரியும். "யாரும் கேட்கமாட்டார்கள்" என்று அவர் சொல்வது பெரும்பாலான நாட்களில் உண்மைதான். கேட்கிற அன்று அவர் லுசாகாவில் தன் வீட்டில் இருப்பார். சூம்போவில் போர்ச்சுகீசிய மொழியில் பதில் சொல்லவேண்டியவர் உங்கள் அப்பா. இன்னும் சிலர் காசா (KAZA) யூனிவிசா என்ற கூட்டு விசா எடுத்தால் எல்லா எல்லையும் திறக்கும் என்று சொல்லிப் பணம் கேட்பார்கள். அது சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் பொதுவானது. மொசாம்பிக் அதில் கிடையாது.

கரையில் நின்றால் உள்ளூர்க்காரர்கள் மரக்கட்டைத் தோணியில் சர்வசாதாரணமாகப் போய்வருவதைப் பார்ப்பீர்கள். சிக்குண்டா மக்கள் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள். அக்கா இங்கே, தங்கை அங்கே. அவர்களைப் பார்த்து நாமும் ஏறிவிடக் கூடாது. அருகருகே இருக்கும் சாம்பியா, மொசாம்பிக், சிம்பாப்வே மூன்றும் ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகள் சேர்ந்த ஒரே சாடெக் (SADC) கூட்டமைப்பு. மாநாடுகளுக்கும் கைகுலுக்கலுக்கும் குறைவில்லை. ஒரு பெரியவர் பகலில் அக்கரை பார்த்துவிட்டு வர ஒரு துண்டுச்சீட்டு கொடுக்க மட்டும் இவர்களுக்கு வழி தெரியவில்லை. ஒரு எல்லைச் சாவடியில் முத்திரைக் கட்டை வைத்திருந்தவர் சாப்பிட்டு வரும்வரை நான் அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன்; அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

படகே ஏறக்கூடாதா என்று கேட்பீர்கள். ஏறலாம். விடுதிப் படகில் சாம்பியா கரையை ஒட்டிச் சுற்றிவிட்டு, ஏறிய துறையிலேயே இறங்கினால் நீங்கள் நாட்டைவிட்டு வெளியேறவில்லை. ஆனால் எதிர்க்கரையில் ஒரு நிமிடம்கூட இறங்கக் கூடாது, படம் எடுக்கவும் கூடாது, அம்மாவுக்குக் கால் கழுவவும் கூடாது. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றி நடுவில் மணல்திட்டு தெரியும். எந்தத் திட்டு எந்த நாடு என்று படகுக்காரருக்கே சந்தேகம் இருக்கும். அதனால் திட்டிலும் இறங்காதீர்கள். முதலையும் நீர்யானையும் இருக்கும் ஆறு, இறங்காமலிருக்க அது ஒன்றே போதும். படகை விடுதியிலேயே பேசுங்கள். கரையில் வந்து தோளைத் தொடுபவரிடம் பேசாதீர்கள்.

அக்கரை போகாததால் பெரிதாக இழப்பில்லை. லுவாங்வா ஆறு சாம்பேசி ஆற்றில் கலக்கும் இடம் இக்கரையிலிருந்தே தெரியும், சூம்போவும் தெரியும். 18ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் வியாபாரத்துக்குக் குடியேறியவர்களில் நம் கோவாக்காரர்களும் உண்டு என்று அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். 1856 ஜனவரியில் ஸ்காட்லாந்துப் பயணி டேவிட் லிவிங்ஸ்டன் வந்து பார்த்தபோது அங்கே இடிந்த தேவாலயமும் உடைந்த மணியும்தான் மிஞ்சியிருந்தன.

மலேரியா உள்ள இடம். இருவருக்கும் தடுப்பு மாத்திரையைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். மதுரை திரும்பியபின் காய்ச்சல் வந்தால் ஆப்பிரிக்கா போய்வந்ததை முதல் வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

லுசாகாவிலிருந்து 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிரேட் ஈஸ்ட் ரோட்டில் லுவாங்வா பாலம் வரை போய்த் தெற்கே திரும்ப வேண்டும். பாலத்தைப் படம் எடுக்காதீர்கள். பெற்றோரின் அசல் பாஸ்போர்ட் கையிலிருக்கட்டும். நகலைக் காட்டினால் சோதனைச் சாவடியில் வாக்குவாதம்தான். ஞாயிறு காலையே திரும்பக் கிளம்பிவிடுங்கள். இருட்டினால் அந்தச் சாலையில் ஆடும், சைக்கிளும், விளக்கில்லாத லாரியும்.