தசைநாண் காயத்துக்காக மாதக்கணக்கில் லாயத்தில் வைத்திருந்த குதிரையை மறுபடி வெளியே விடுவது எப்படி?

முன்னங்கால் தசைநாண் காயத்துக்காக நான்கு மாதம் லாயத்திலேயே வைத்திருந்தீர்கள், இப்போது டாக்டர் "இனி வெளியே விடலாம்" என்று சொல்லிவிட்டார், அப்படியே தோட்டத்தில் அவிழ்த்து விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாதக்கணக்கில் ஆறி வந்த கால் மறுபடி கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த நாளில்தான். அடைந்து கிடந்த குதிரை அவிழ்த்ததும் நாலுகால் பாய்ச்சலில் ஓடும், வேலி வந்ததும் சட்டென்று திரும்பும். பாய்ச்சலில் ஒரு முன்னங்கால் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சுமக்கிறது. அந்தச் சுமையைத் தாங்குவது நீங்கள் பார்த்துப் பார்த்து ஆற்றிய அதே தசைநாண்தான்.

குதிரை நொண்டவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். வலியும் வீக்கமும் சீக்கிரமே போய்விடும். அறுந்த இழைகளின் இடத்தில் முதலில் உருவாகும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும், வலுவும் குறைவு. அது நீளவாக்கில் ஒழுங்காகி உறுதிப்பட 9 முதல் 12 மாதம் ஆகலாம், பெரிய காயமாக இருந்தால் அதற்கு மேலும் ஆகும். ஆகவே உங்கள் குதிரையின் கால் இன்னும் அரைவேக்காட்டில்தான் இருக்கிறது. டாக்டர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்துச் சொன்னாரா, நடையை மட்டும் பார்த்துச் சொன்னாரா என்று கேளுங்கள். எவ்வளவு பெரிய இடத்தில் விடலாம் என்பதையும் கேளுங்கள். நான்காவது மாதத்தில் "வெளியே" என்று சொன்னால் அநேகமாகச் சின்ன அடைப்பை, அதாவது வேலி போட்ட சிறிய இடத்தைத்தான் சொல்லியிருப்பார்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது ஒன்றுதான்: வெளியே போவது குதிரைக்கு ஒரு புதுமையாக இருக்கக் கூடாது. அவிழ்த்து விடும் நாளுக்கு முன்பே வெளி அதற்குச் சலித்துப் போயிருக்க வேண்டும்.

அதற்கு முதல் வழி, கையில் பிடித்து நடத்துவது. இதுவரை நடத்தவில்லை என்றால் வேளைக்கு ஐந்து பத்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று ஆரம்பித்து, டாக்டர் சொல்லும் கணக்கில் வாரத்துக்கு ஐந்து நிமிடம் போலக் கூட்டிக்கொண்டு போங்கள். இறுகிய சமதரையில், நேராக நடத்துங்கள். உழுத மண்ணும் மணலும் தசைநாணை அதிகமாக இழுக்கும். ஹால்ட்டர் என்னும் வாய்க்கம்பி இல்லாத தலைக்கட்டு மட்டும் போதாது, கடிவாளம் போட்டுப் பிடியுங்கள். தலைக்கு ஹெல்மெட், கைக்குக் கையுறை, காலுக்கு நல்ல ஷூ. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. எவ்வளவு சாதுவான குதிரையாக இருந்தாலும் இதில் விதிவிலக்கு கிடையாது. அடைந்து கிடந்த குதிரை ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலே எழும்பி நிற்கும்.

நடையோடு சேர்த்து, பிற்பாடு அவிழ்த்து விடப்போகிற இடத்திலேயே கொஞ்ச நேரம் கையில் பிடித்தபடி மேய விடுங்கள். இதை நான் ரொம்பவும் நம்புகிறேன். ஒன்று, குதிரைக்கு அந்த இடம் பழகிவிடும், புல்லைப் பார்த்ததும் தலை தானாகக் கீழே போகும். இன்னொன்று, வயிறும் பழகும். மாதக்கணக்கில் காய்ந்த தீவனம் தின்ற குதிரையின் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் பச்சைப்புல்லுக்கு மாறச் சில வாரங்கள் வேண்டும். ஒரே நாளில் வயிறு நிறையப் பச்சையைத் தின்றால் வயிற்றுவலி வரலாம், குளம்பைக் கெடுக்கும் லேமினைட்டிஸ் வரலாம். மழைக்குப் பிறகு தளதளவென்று முளைக்கும் புல்லில் கூடுதல் கவனம் தேவை. முதல் நாள் கால் மணி நேரம் போதும், இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டலாம்.

தீவனத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலையில்லாமல் நிற்கிற குதிரைக்குக் கொள்ளும் தவிடும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சக்தியெல்லாம் அவிழ்த்த நிமிடத்தில் வெளியே வரும். தசை இறுகி, சிறுநீர் காபி நிறத்தில் போகும் நோயும் இப்படி ஓய்வில் தின்று கொழுத்துவிட்டுத் திடீரென்று ஓடும் குதிரைகளுக்குத்தான் அடிக்கடி வருகிறது. கொள்ளைக் குறைத்துவிட்டு உலர் புல்லைத் தாராளமாகக் கொடுங்கள். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை, அதாவது 350 கிலோ குதிரைக்கு நாளைக்கு ஐந்திலிருந்து ஏழு கிலோ. நின்றே இருக்கும் குதிரைக்குக் குடல் மந்தமாகிவிடும் என்பதால் தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது, லத்தி எத்தனை தடவை போடுகிறது, கெட்டியாக இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

அடுத்தது அடைப்பு. முதல் அடைப்பு லாயத்து அறையை விடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்க வேண்டும். ஓட இடமில்லை என்றால் ஓடாது. குதிரை அமைதியாக மேய்கிறது, காலும் சரியாக இருக்கிறது என்றால் ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் கொஞ்சம் பெரிதாக்கலாம். தரை சமமாக, வழுக்காமல் இருக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகைச் சேற்றில் இந்த வேலையை ஆரம்பிக்க வேண்டாம், தரை காயும் வரை கையில் பிடித்து நடத்துவதே நல்லது. நம் ஊர்த் தோட்டங்களில் எனக்கு மிகவும் பயம் தருவது முள்கம்பி வேலி. மாட்டுக்குப் போட்ட முள்கம்பிக்குள் குதிரையை விடவே விடாதீர்கள். மிரண்ட குதிரை அதற்குள் காலை விட்டால் பழைய காயம் ஒன்றுமில்லை என்றாகிவிடும். சவுக்குக் கம்பை நட்டு, அகலமான வெள்ளை மின்வேலி நாடா இரண்டு வரிசை இழுத்துச் சோலார் பெட்டியில் இணைத்தால் கண்ணுக்கும் தெரியும், அடைப்பை நகர்த்திப் பெரிதாக்குவதும் சுலபம். தரையோடு தரையாக இருக்கும் கிணறு, தெருநாய் நுழையும் சந்து இதையெல்லாம் முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

துணைக்குத் தெரிந்த, அமைதியான குதிரை ஒன்று பக்கத்து அடைப்பில் நிற்கட்டும். ஒரே அடைப்பில் சேர்த்து விட வேண்டாம். துணைக் குதிரையை முதலில் வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அப்புறம் உங்கள் குதிரையைக் கொண்டுவாருங்கள். திரும்பும்போது உங்கள் குதிரையை முதலில் உள்ளே கொண்டுபோங்கள். தனியாக விடப்பட்டதாக அது நினைத்தால் வேலியோரமாக ஓடத் தொடங்கிவிடும்.

மயக்க மருந்தைப் பற்றிச் சிலர் தயங்குகிறார்கள். இந்தச் சூழலில் நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். முதல் சில நாட்களுக்கு ஏசெப்ரோமசின் போன்ற லேசான மருந்தை டாக்டரே அளவு சொல்லித் தருவார். வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும், அதற்குப் பிறகுதான் வெளியே கொண்டுபோக வேண்டும். காயடிக்காத ஆண் குதிரை என்றால் கட்டாயம் சொல்லிவிடுங்கள், அரிதாக அதன் குறி வெளியே தொங்கி உள்ளே போகாமல் நின்றுவிடுவது உண்டு. மருந்து கொடுத்த குதிரையும் திடீர்ச் சத்தத்துக்குத் துள்ளும் என்பதால் மருந்தை நம்பி மற்ற ஏற்பாடுகளைக் குறைத்துவிடக் கூடாது.

விடுகிற நாள் காற்றில்லாத நாளாக இருக்கட்டும். ஊரில் கோயில் திருவிழா, வேட்டு, மைக்செட் இருக்கிற வாரம் வேண்டாம். தீபாவளியை ஒட்டிய நாட்களும் வேண்டாம். முதலில் வழக்கம்போல நடத்துங்கள். கொஞ்சம் பசியோடு இருப்பது நல்லது, அடைப்பில் புல் குறைவென்றால் உலர் புல்லை இரண்டு மூன்று இடத்தில் போட்டு வையுங்கள். நான்கு கால்களுக்கும் காப்பு மாட்டுங்கள். பின்னங்காலில் லாடம் இருந்தால் கழற்றிவிடுவது நல்லது, உதைத்தால் அடி குறையும். உள்ளே போனதும் குதிரையை வாசல் பக்கம் முகம் திருப்பி நிறுத்துங்கள். தலையைத் தாழ்த்தி அமைதியாக நிற்கும் வரை காத்திருந்து, கயிற்றைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே நகர்ந்து வெளியே வாருங்கள். அது திரும்பி உதைத்துக்கொண்டு ஓடினாலும் நீங்கள் கால் எட்டும் தூரத்தில் இருக்க மாட்டீர்கள். தட்டி விரட்டுவதோ, ஓடினால் பின்னால் துரத்துவதோ கூடாது. வாளியில் கொஞ்சம் கொள்ளைக் குலுக்கினால் வந்துவிடும். முதல் நாள் கால் மணி அரை மணி போதும், சலித்துப்போய் வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே உள்ளே கொண்டுபோய்விடுங்கள்.

உள்ளே வந்ததும் இரண்டு முன்னங்கால்களையும் கையால் தடவி ஒப்பிட்டுப் பாருங்கள். மறுநாள் காலையிலும் பாருங்கள், தசைநாண் பிரச்சினை பல நேரம் ராத்திரி கழிந்துதான் தெரியும். இரண்டு பின்னங்கால்களும் ஒரே மாதிரி, சூடில்லாமல் லேசாக வீங்கியிருந்தால் அது நின்றதால் வந்த நீர், நடந்தால் வடிந்துவிடும். காயப்பட்ட காலில் மட்டும் சூடோ வீக்கமோ தெரிந்தால், நொண்டாவிட்டாலும், அன்று வெளியே விடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அடைப்பு ஒவ்வொரு தடவை பெரிதாகும்போதும் இதே சோதனைதான். ஏறி ஓட்டுவதைப் பற்றி அடுத்த ஸ்கேன் பார்த்த பிறகு டாக்டரிடம் பேசிக்கொள்ளலாம்.