சிசுவின் மார்புக்குள் நூல் சிக்குகிறதா? முதலில் பயிற்சிப் பெட்டியை மாற்றுங்கள்

கேள்வி: குழந்தைகள் அறுவை சிகிச்சையில் இரண்டாம் ஆண்டுப் பயிற்சி மருத்துவர் நான். துறையில் உள்ள லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் நுழைத்துச் செய்யும் அறுவை) பயிற்சிப் பெட்டியில் தையல் போடுவது நன்றாகவே கைவந்துவிட்டது. ஆனால் தியேட்டரில் பச்சிளங்குழந்தை என்றால் ஊசி திரும்பிக்கொள்கிறது, நூல் சிக்குகிறது, திசு கிழிகிறது. பயிற்சியில் எதை மாற்றுவது? இதையே ஆய்வேடாகச் செய்யச் சொல்கிறார் வழிகாட்டி. பத்துப் பயிற்சி மருத்துவர்கள் இருக்கிறோம். எதை அளப்பது?

பதில்: பெரும்பாலான துறைகளில் இருப்பவை பெரியவர்களின் வயிற்றை மனதில் வைத்துச் செய்த பெட்டிகள். அவற்றில் 33 செ.மீ. நீளமுள்ள 5 மி.மீ. கருவி ஏறக்குறையப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக இருக்கும். கை ஒரு செ.மீ. நகர்ந்தால் நுனியும் ஒரு செ.மீ. நகரும். சிசுவின் மார்பில் 20 செ.மீ. நீளமுள்ள 3 மி.மீ. கருவி 5 செ.மீ. மட்டுமே உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; 15 செ.மீ. வெளியே நிற்கும். நுனியை ஒரு செ.மீ. நகர்த்தக் கை மூன்று செ.மீ. போக வேண்டும். நெம்புகோல் கணக்குப்படி, அசைவு மூன்றில் ஒன்றாகும்போது விசை மூன்று மடங்காகும். "நகரவே இல்லையே" என்று நீங்கள் தோளிலிருந்து இழுக்கும் இழுப்பு, மும்மடங்காகத் திசுவில் போய் விழுகிறது. கிழிவதற்கு முதல் காரணம் இதுதான். அவசரத்தில் 30 செ.மீ. கருவியை எடுத்தால் அது ஐந்து மடங்காகிவிடும்.

ஆகவே 10 × 8 × 6 செ.மீ. உள்ளளவில் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியில் துளையிட்டு, 5 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் தகட்டை ஒட்டி அதன் வழியே போர்ட்டுகளை (கருவிகள் உள்ளே நுழையும் குழாய்களை)ச் செருகலாம். இரண்டு கருவிகளும் இலக்கில் சந்திக்கும் கோணம் 60 டிகிரி இருக்கட்டும். 45-க்குக் கீழே போனால் நுனிகள் ஒன்றோடொன்று உரசும். 75-ஐத் தாண்டினால் சுற்றுப் போடுவது கடினம். கேமரா இரண்டு கைகளுக்கும் நடுவில், சற்றுப் பின்னால் வர வேண்டும். வயர்லெஸ் கேமரா வேண்டாம். படம் திரைக்கு வருவதில் ஏற்படும் சிறு தாமதத்துக்கே கை பழகிப்போய், ஒவ்வொரு அசைவுக்கும் காத்திருக்கத் தொடங்கும். காலாவதியான தையல் நூலைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் கோழித் திசுவில் வைத்துப் பழகிய கருவி எந்தக் காரணத்துக்காகவும் தியேட்டர் தட்டுக்குத் திரும்பக் கூடாது. பயிற்சிக்கென்று ஒரு செட்டைத் தனியாக ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி நூல். பெரிய பெட்டியில் 15 செ.மீ. நூல் வழக்கம். 6 செ.மீ. உயரப் பெட்டிக்குள் அதை ஒரே இழுப்பில் இழுத்து முடிக்க இடமில்லை. கைமாற்றிக் கைமாற்றி இழுக்கும்போதுதான் சிக்கு விழுகிறது. ஒற்றைத் தையலுக்கு 7 முதல் 8 செ.மீ. நூல் போதும். வால், அதாவது ஊசி இல்லாத பக்கம் வெளியே விடும் நூல் முனை, ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. அதற்குக் குறைந்தால் முதல் சுற்றை இறுக்கும்போதே உருவிக்கொண்டு வந்துவிடும். கூடினால் வாலின் நுனியைத் தேடுவதிலேயே நேரம் போகும். சுற்றுப் போடும்போது இடது கருவியால் நூலைப் பிடிக்காமல் ஊசியையே பிடியுங்கள். ஊசியின் வளைவு நூலைத் தானாக வளையமாக நிறுத்தும். வலது கருவியின் நுனியை அந்த வளையத்துக்குள் கொண்டுபோனால் சுற்று முடிந்தது.

ஊசி திரும்புவதற்குக் காரணம் வேறு. 3 மி.மீ. நீடில் ஹோல்டரின் (ஊசியைப் பிடிக்கும் கருவியின்) தாடை சிறியது, பிடிமானமும் குறைவு. நூல் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, தாடைக்குச் செங்குத்தாக ஊசியைப் பிடிக்க வேண்டும். நூல் இணையும் இடத்திலேயே பிடித்தால் ஊசி அங்கே தட்டையாகி வளையும். நுனி திசுவுக்குள் 90 டிகிரியில் நுழைந்த பிறகு மணிக்கட்டைச் சுழற்றுங்கள். நேராகத் தள்ளினால் பெரிய கருவி ஒருவேளை மன்னிக்கும், சின்னக் கருவி மன்னிக்காது. தையல் கோடு கருவித் தண்டுக்கு இணையாக இருக்கும்படி, தைத்துப் பழகும் மாதிரியைத் திருப்பி வைத்துத் தொடங்குங்கள். கைவந்த பிறகு கோணத்தை மாற்றிக் கடினமாக்குங்கள்.

மாதிரிக்கு 6 மி.மீ. சிலிக்கான் குழாய் இரண்டு, பிறகு கோழியின் உணவுக்குழாய். இரு முனைகளையும் முதலில் ஒட்டினாற்போல் வைத்துத் தையுங்கள். அடுத்து ரப்பர் பேண்டால் பின்னோக்கி இழுத்துக் கட்டி 5 மி.மீ. இடைவெளி, அதன் பின் 10 மி.மீ. உணவுக்குழாய் அடைப்போடு பிறக்கும் குழந்தையில் உண்மையான சோதனை இந்த இழுவிசைதான். தளர்வான குழாயில் அழகாகத் தைப்பது இங்கே உதவாது. இழுவிசையில் முதல் முடிச்சு நழுவும். ஒற்றைச் சுற்று முடிச்சு இரண்டை எதிரெதிர்த் திசையில் தளர்வாகப் போடுங்கள். பிறகு வாலையும், அதே பக்கம் திசுவுக்குள் போகும் நூலையும் பிடித்து நேராக இழுத்தால் முடிச்சு வழுக்கு முடிச்சாக மாறும். அந்த வாலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கருவியால் முடிச்சைத் திசுவரை தள்ளுங்கள். நூலின் இரண்டு முனைகளையும் எதிரெதிராக இழுத்தால் பூட்டிக்கொள்ளும். மேலே இன்னொரு முடிச்சு. ஒற்றை இழை நூலில் இது சுலபம். பின்னிய நூல் உரசி நின்றுவிடும்.

ஒரே நாளில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். டொரன்டோவில் 38 பயிற்சி மருத்துவர்களுக்கு நுண் இரத்தக்குழாய்களைத் தைத்து இணைப்பதைக் கற்பித்த சோதனை ஒன்று 2006-இல் வெளியானது. நான்கு அமர்வுகளையும் ஒரே நாளில் முடித்தவர்களைவிட, வாரத்துக்கு ஒன்றாகக் கற்றவர்கள் ஒரு மாதம் கழித்துச் சிறப்பாகச் செய்தார்கள்.

ஆய்வேட்டுக்கு வருவோம். பத்துப் பேரை ஐந்தைந்தாகப் பிரித்து ஒப்பிட்டால், மிகப் பெரிய வேறுபாடு இருந்தாலொழிய எதுவும் தெரியாது. அதைவிட ஒவ்வொருவரையும் அவரவரோடு ஒப்பிட்டு, முயற்சிக்கு முயற்சி கற்றல் வரைகோடு எடுப்பது நேர்மையானது. எத்தனை முயற்சிகள் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள். நான்கு வாரம் பெட்டியைத் தொடாமல் இருந்த பின் ஒரு தேர்வு கட்டாயம். அது இல்லாத ஆய்வு அன்றைய கைச்சூட்டை மட்டுமே அளக்கும்.

நேரத்தை முதன்மை அளவாக வைப்பதுதான் இத்தகைய ஆய்வேடுகளில் அதிகம் காணும் பலவீனம். வேகம் எல்லோருக்கும் கூடத்தான் செய்யும். முடிச்சு நிற்கிறதா என்பதை அது சொல்லாது. தைத்த குழாயின் மறுமுனையை அடைத்து, 20 செ.மீ. உயரத்தில் நிற்கும் சாயநீரோடு இணைத்து ஒரு நிமிடம் பாருங்கள்: கசிவு உண்டா, எந்தத் தையலில்? முன்பே புள்ளி வைத்த இடத்திலிருந்து ஊசி எத்தனை மி.மீ. விலகியது, எத்தனை முடிச்சு நழுவியது என்பவை அடுத்து. நேரம் கடைசி.

திறன் மதிப்பீட்டுக்கு ஓசாட்ஸ் (OSATS, அறுவைத் திறனை மதிப்பிடும் முறை) பொது அளவுகோல் போதும்: ஏழு கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து மதிப்பெண், மொத்தம் 35. இரண்டு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே பார்க்கட்டும். வீடியோவில் உட்காட்சி மட்டும் இருக்க வேண்டும். குரலை நீக்கி, முதல் முயற்சி எது, கடைசி எது என்று தெரியாதபடி கலைத்துக் கொடுங்கள். அதற்கு முன் மூன்று வீடியோக்களைச் சேர்ந்து மதிப்பிட்டு, எங்கே முரண்படுகிறார்கள் என்று பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நோயாளி யாரும் இல்லையே என்று நெறிமுறைக் குழுவைத் தாண்டிப் போகாதீர்கள். ஆய்வுக்கு உட்படுபவர்கள் உங்கள் சக பயிற்சி மருத்துவர்கள். துறைத்தலைவர் ஒப்புதல் கேட்டால் "முடியாது" என்று யார் சொல்வார்கள்? உங்கள் துறையைச் சாராத ஒருவர் ஒப்புதல் பெறட்டும். மதிப்பெண்கள் எண்குறியீட்டோடு மட்டுமே இருக்க வேண்டும், ஆண்டு மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகாது என்றும் படிவத்திலேயே எழுதுங்கள். அனுமதி கைக்கு வரும்வரை பெட்டியில் பழகலாம். ஆய்வுக்கான வீடியோ மட்டும் எடுக்காதீர்கள்.