சிவப்புச் சட்டையும் பச்சை வேலியும் ஒரே சாம்பலாவது ஏன்?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக டிஜிட்டல் கேமராவில் வண்ணப் படங்கள் எடுத்து வருகிறேன். கறுப்பு வெள்ளையைப் பொழுதுபோக்காகப் பழக விரும்பி, என்னிடமுள்ள சில படங்களை மாற்றிப் பார்த்தேன். எல்லாம் சாம்பல் பூசியதுபோல் சப்பென்று இருக்கின்றன. வண்ணத்தில் எடுத்துப் பின்னர் மாற்றுவது தவறா? இதற்கென்று ஃபிலிம் கேமரா வாங்கித்தான் ஆக வேண்டுமா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: வண்ணத்தில் எடுத்துப் பின்னர் மாற்றுவது தவறன்று. வழக்கமான டிஜிட்டல் கேமராவில் அதைத் தவிர வேறு வழியும் இல்லை. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின்மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு நிற வடிகட்டி பதிக்கப்பட்டிருக்கிறது; கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஆகவே கேமராவை ‘மோனோக்ரோம்’ என்று வைத்து எடுத்தாலும், வண்ணத் தகவலைக் கணக்கிட்டுத்தான் அது சாம்பல் படத்தைத் தருகிறது. அந்தக் கணக்கை மென்பொருளின் ஒரே பொத்தானிடம் விட்டுவிட்டதுதான் உங்கள் படங்களுக்கு நேர்ந்த குறை.

நீங்கள் அனுப்பியவற்றுள், செடிவேலிக்கு முன்னால் சிவப்புச் சட்டையுடன் சிறுவன் நிற்கும் படத்தை எடுத்துக்கொள்வோம். வண்ணத்தில் அந்தச் சட்டை கண்ணைப் பறிக்கிறது. மாற்றிய படத்திலோ சட்டையும் இலைகளும் ஒன்றாகக் கலந்துபோய், பையனின் முகம் மட்டும் தனியே மிதக்கிறது. சட்டையில் ஓரிடத்தை 0 முதல் 255 வரையான அளவில் அளந்து பார்த்தேன்: சிவப்பு 200, பச்சை 40, நீலம் 40. பக்கத்திலுள்ள இலையில் சிவப்பு 60, பச்சை 110, நீலம் 50. மனிதக் கண் பச்சை ஒளியை மிகுதியாகவும் நீலத்தை மிகக் குறைவாகவும் உணர்வதால், மென்பொருள்கள் பரவலாகப் பின்பற்றும் சூத்திரம் சிவப்பில் சுமார் 30 விழுக்காடு, பச்சையில் 59, நீலத்தில் 11 என்று எடுத்துக் கூட்டுகிறது. தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். சட்டைக்கும் 88, இலைக்கும் 88. நிறத்தால் எதிரெதிராக இருந்த இரண்டும் வெளிச்சத்தால் ஒன்றாக இருந்தன என்பதை வண்ணம் மறைத்து வைத்திருந்தது. வண்ணத்தை நீக்கியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

இதே படத்தைக் காப்பாற்றவும் முடியும். படத் திருத்த மென்பொருள்களில் கறுப்பு வெள்ளைப் பகுதிக்குள் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி நகர்த்தி இருக்கும். சிவப்பை ஏற்றிப் பச்சையை இறக்கினால் சட்டை வெளுத்து, வேலி இருண்டு, பையன் முன்னால் வந்து நிற்பான். மாற்றிச் செய்தால் கருஞ்சட்டை அணிந்த பையன் வெளிறிய இலைகளுக்கு முன்னால் நிற்பான். இரண்டும் ஒரே படத்திலிருந்து வந்தவைதாம், ஆனால் பார்ப்பவர் மனத்தில் எழுப்பும் உணர்வு வேறு வேறு. எது வேண்டும் என்று தீர்மானிப்பது உங்கள் வேலை. இந்தப் பொழுதுபோக்கின் பாதிச் சுவை அந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஃபிலிம் காலத்தில் இதே வேலையை லென்ஸுக்கு முன்னால் மாட்டும் வண்ணக் கண்ணாடி வடிகட்டிகள் செய்தன. வடிகட்டி தன் நிறத்தை வெளிறச் செய்யும், எதிர் நிறத்தை இருளச் செய்யும் என்ற ஒரே விதியை நினைவில் வைத்தால் போதும். மஞ்சள் வடிகட்டி நீல வானத்தை இலேசாக இருட்டி மேகங்களைப் பிரித்துக் காட்டும். அதற்காக ஒரு ஸ்டாப் ஒளியை எடுத்துக்கொள்ளும் (ஒளி பாதியாவதோ இருமடங்காவதோ ஒரு ஸ்டாப்). அடர் சிவப்பு வடிகட்டி வானத்தை ஏறத்தாழக் கறுப்பாக்கும். விலையாக மூன்று ஸ்டாப் கேட்கும். முகங்களில் இது இன்னும் நுட்பமானது. சிவப்பை ஏற்றினால் தோல் வழுவழுப்பாகிப் பருக்கள் மறையும், உதடுகளும் சேர்ந்து வெளிறிப்போகும். நீலத்தை ஏற்றினால் ஒவ்வொரு புள்ளியும் சுருக்கமும் எழுந்து நிற்கும். முதியவர்களின் முகத்தை எடுக்கும்போது இந்த இரண்டாவது வழி நன்றாக அமையக்கூடும், அவர்களுக்குப் படத்தைக் காட்டும் துணிச்சல் உங்களுக்கு இருந்தால்.

நகர்த்திகளை எல்லைவரை தள்ளிவிடாதீர்கள். நீலத்தை ஒரேயடியாக இறக்கினால் வானத்தில் புள்ளி இரைச்சல் பொரிப்பொரியாகத் தெரியும். மரக்கிளைகளைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். அந்த வெள்ளைக் கோட்டைக் கண்டால், நகர்த்தியைப் பாதித் தொலைவு திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

படங்கள் சப்பென்று இருப்பதற்கு இரண்டாவது காரணம் எக்ஸ்போஷரில், அதாவது சென்சாரில் விழவிடும் ஒளியின் அளவில் இருக்கிறது. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பலாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு அளக்கிறது. ஆகவே வெள்ளைச் சுவரை அதன் போக்கில் எடுத்தால் சுவர் சாம்பலாகிறது; கறுப்புப் பூனையும் சாம்பலாகிறது. வண்ணப் படத்தில் இதை நாம் பொருட்படுத்துவதில்லை. சாம்பல் மட்டுமே எஞ்சும் படத்தில் இது அப்படியே முகத்தில் அறையும். உங்கள் இரண்டாவது படத்திலுள்ள சுண்ணாம்புச் சுவர் இப்படித்தான் மங்கியிருக்கிறது. வெண்மை மிகுந்த காட்சிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள், கருமை மிகுந்ததற்கு ஒரு ஸ்டாப் குறையுங்கள். கூட்டும்போது, படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமின் வலப்பக்கச் சுவரில் வரைபடம் முட்டி நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிஜிட்டலில் முற்றிலும் வெளுத்துப்போன இடத்தை மீட்க முடியாது, இருண்ட இடத்தை ஓரளவு மீட்கலாம்.

1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர்களான அன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறை இந்தச் சிக்கலிலிருந்து பிறந்ததுதான். முழுக் கறுப்பைச் சுழியம் என்றும் முழு வெள்ளையைப் பத்து என்றும் கொண்டு, படம் எடுப்பதற்கு முன்பே ‘இந்தச் சுவர் ஏழில் விழ வேண்டும், அந்த நிழல் மூன்றில் விழ வேண்டும்’ என்று முடிவு செய்துகொள்ளும் முறை அது. ஒளிமானி சொல்லும் அளவு எப்போதும் ஐந்து. அங்கிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒரு மண்டலம். முழு முறையையும் நீங்கள் கற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு காட்சியைப் பார்த்ததும் அதில் மிக இருண்ட இடம் எது, மிக வெளுத்த இடம் எது, முகம் அவ்விரண்டுக்கும் இடையே எங்கே நிற்கிறது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், திருத்த மேசையில் செலவாகும் நேரம் பாதியாகும்.

பழகத் தொடங்கக் கேமராவில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். கோப்பு வடிவத்தை ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு), ஜேபெக் (கேமராவே முடித்துத் தரும் படம்) இரண்டும் சேர்ந்து பதியும்படி வைத்து, பட பாணியை மோனோக்ரோம் ஆக்குங்கள். பின்பக்கத் திரையில் காட்சி கறுப்பு வெள்ளையாகத் தெரியும்; ஜேபெக்கும் அப்படியே பதியும்; ரா கோப்பிலோ எல்லா வண்ணமும் பத்திரமாக இருக்கும். மின்னணு வியூஃபைண்டர் உள்ள கேமராவானால் கண்ணை வைக்கும்போதே உலகம் சாம்பலாகத் தெரியும். இவ்வளவு விரைவாகக் கண்ணைப் பழக்கும் ஆசிரியர் வேறில்லை. இன்னொரு சலுகையும் உண்டு: உயர் ஐஎஸ்ஓவில், அதாவது ஒளி உணர்திறனைக் கூட்டி எடுக்கும்போது, வண்ணப் படத்தைக் கெடுக்கும் நிறப் புள்ளிகள் இங்கே வெறும் மணற்பாங்காகி விடுவதால், மங்கிய வெளிச்சத்தில் நீங்கள் தயங்கிய அளவுகளுக்கும் துணிந்து போகலாம்.

முதல் வாரத்துக்கு ஒரு பயிற்சி. ஒரு வெள்ளைத் தாளைக் கசக்கி, சன்னலுக்கு அருகே வெள்ளைத் துணியின்மேல் வையுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை, ஒவ்வொரு முறையும் சன்னல் பக்கமிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எதிர்ப்புறமிருந்தும் எடுங்கள். வெள்ளையின்மேல் வெள்ளை என்பதால் ஒளிந்துகொள்ள வண்ணம் இல்லை. ஒளி விழும் கோணம் மட்டுமே படத்தை ஆக்கும் அல்லது கெடுக்கும். ஒளியின் பக்கமிருந்து எடுத்த படத்தில் தாள் தட்டையான வெள்ளைத் துண்டாகக் கிடக்கும். பக்கவாட்டில் வந்து நின்றால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு வெளிச்ச முகமும் ஒரு நிழல் முகமும் கிடைத்து, அதே தாள் மலைத்தொடர்போல எழும். உங்கள் மூன்றாவது படத்திலுள்ள பழைய மரக்கதவு நண்பகல் வெயிலில் நேருக்கு நேர் எடுக்கப்பட்டது. வெயில் கதவை ஒட்டிச் சாய்வாக வழியும் வேளையில் அதே இடத்துக்குத் திரும்பப் போங்கள், மரத்தின் ரேகைகள் தாமாகப் பேசும். மேகமூட்டமான நாள்களை வீணென்று ஒதுக்க வேண்டாம், அவை முகங்களுக்கு உகந்தவை.

ஃபிலிமைப் பொறுத்தவரை, ஆறு மாதம் பொறுங்கள் என்பேன். பிறகும் ஆசை குறையாவிட்டால், நன்கு இயங்கும் பழைய 35 மில்லிமீட்டர் கேமரா ஒன்றை வாங்கலாம். வாங்குமுன் லென்ஸைக் கழற்றி ஒளிக்கு எதிரே பிடித்து உள்ளே பூஞ்சை இழைகள் உண்டா என்றும், பின்மூடியின் ஓரத்திலுள்ள பஞ்சு தொட்டதும் பொடிந்து உதிர்கிறதா என்றும், ஒரு விநாடி ஷட்டர் உண்மையில் ஒரு விநாடி திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கோடாக் டிரை-எக்ஸ் போன்ற 400 ஐஎஸ்ஓ ஃபிலிம்களில் ஒன்றையே பத்து ரோல்களுக்கு மாற்றாமல் பயன்படுத்துங்கள். ஃபிலிமைக் கழுவும் டெவலப்பர் கரைசலையும் மாற்ற வேண்டாம். மாறிகள் இரண்டு கூடினால் தவறு எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவலாம் என்பது இதன் பெரிய கவர்ச்சி. ரோலை ஒளிபுகாத டேங்குக்குள் சுற்றும் சில நிமிடங்களுக்கு மட்டும் முழு இருட்டு வேண்டும். இந்த ஃபிலிம்கள் சிவப்பு உட்பட எல்லா ஒளியையும் உணர்வதால், இருட்டறை என்றதும் நினைவுக்கு வரும் சிவப்பு விளக்கு இங்கே உதவாது, அது தாளில் பிரிண்ட் போடும்போதுதான். எச்பி5 பிளஸை ஐடி-11 டெவலப்பரில் சம அளவு நீர் கலந்து 20 டிகிரி செல்சியஸில் 13 நிமிடம் கழுவ வேண்டும். வெப்பம் ஓரிரு டிகிரி ஏறினாலும் நேரம் குறைய வேண்டும். ஒளிபட்ட வெள்ளி உப்பை டெவலப்பர் கரிய வெள்ளியாக்கும், ஸ்டாப் பாத் அதை நிறுத்தும், ஒளிபடாத மிச்ச உப்பை ஃபிக்ஸர் கரைத்தெடுக்கும். நான் முதன்முதலில் கழுவியபோது புட்டிகளை மாற்றி, ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டேன். 36 படங்களும் கரைந்துபோய், கண்ணாடிபோல் தெளிந்த ஒரு நாடா கையில் வந்தது. அன்று முதல் புட்டிகளின் மூடிகளுக்கு வெவ்வேறு நிறம் பூசி வைத்திருக்கிறேன். சமையலுக்குப் பயன்படும் அளவைக் குவளைகளை இதற்குத் தொடாதீர்கள். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி இருப்பதால் அதைச் சாக்கடையில் ஊற்றாமல் சேர்த்து வைத்து, வேதிக்கழிவு பெறும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

நிற வடிகட்டியே இல்லாத சென்சாருடன் லைக்கா 2012இல் ஒரு கேமராவை வெளியிட்டது. பென்டாக்ஸும் 2023இல் ஒன்று கொண்டுவந்தது. நுண்விவரமும் மங்கிய ஒளித் திறனும் அவற்றில் சிறப்பானவை. ஆனால் சிவப்புச் சட்டையைப் பின்னர் வெளிறச் செய்யும் வசதி அவற்றில் கிடையாது, எடுக்கும்போதே வடிகட்டி மாட்ட வேண்டும். உங்கள் தற்போதைய நிலையில் அது தேவையில்லாத கட்டுப்பாடு.

மாதம் ஒரு படத்தையாவது தாளில் போட்டுப் பாருங்கள். திரை தானே ஒளிர்வது, தாள் ஒளியைத் திருப்பி அனுப்புவது மட்டுமே என்பதால், திரையில் தெரிந்த நிழல் விவரங்கள் தாளில் கரும்பட்டையாக அடைந்துவிடும். அதனால் அச்சுக்கென்று ஒரு படியைச் சற்று வெளிறவைத்து வைத்துக்கொள்ள வேண்டும். பளபளப்பற்ற தாளில் கறுப்பு அவ்வளவு ஆழமாக விழாது. வண்ணத்துக்கான தாளிலோ மையிலோ போடும் பிரிண்ட்களில் இலேசான பச்சையோ ஊதாவோ படிவதுண்டு. சன்னலருகே ஒருமுறை, விளக்கொளியில் ஒருமுறை பிடித்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால், கறுப்பு மையிலேயே இரண்டு மூன்று அடர்த்திகள் உள்ள இங்க்ஜெட் அச்சு எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, பெரிய அளவுக்குப் போவதற்கு முன் ஓர் அஞ்சலட்டை அளவில் போட்டுப் பாருங்கள்.